ட்ரங்கிங் சிஸ்டத்துக்கு ஸ்கேனரைப் புரோகிராம் செய்வது: முதலில் ஒரே ஒரு சைட் போதும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: கையடக்க ஸ்கேனர் (மற்றவர்களின் ரேடியோ பேச்சைக் கேட்கும் கருவி) வாங்கினீர்கள், ட்ரங்கிங் சிஸ்டத்தின் (பல குழுக்கள் சில அலைவரிசைகளைப் பகிர்ந்துகொள்ளும் ரேடியோ அமைப்பின்) அலைவரிசைகள் அத்தனையையும் சாதாரணச் சேனல்கள் போல ஒவ்வொன்றாகப் போட்டு ஸ்கேன் ஓட விட்டீர்கள். இப்போது ஒரு பேச்சின் கேள்வி கேட்கிறது, பதில் கேட்பதில்லை, அடுத்த வரி வேறு யாரோ பேசுவதாக இருக்கிறது, நடுவில் ஒரு சேனலில் ‘கர்ர்ர்’ என்று விடாத இரைச்சல் வந்து ஸ்கேனர் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த இரைச்சல் சேனலை எரிச்சலில் லாக்அவுட் செய்துவிட்டதாகவும் (ஸ்கேனர் தாண்டிப் போகும்படி ஒதுக்கிவிட்டதாகவும்) சொல்கிறீர்கள்.

அதை முதலில் திரும்ப எடுங்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த ஒரு சேனல்தான்.

அதன் பெயர் கன்ட்ரோல் சேனல். அதில் குரல் போகாது, இருபத்துநான்கு மணி நேரமும் டேட்டா மட்டும்தான். ஒரு வங்கியில் பத்து கவுன்டர் இருந்தாலும் டோக்கன் வரிசை ஒன்றுதான், எந்தக் கவுன்டர் காலியோ அங்கே அடுத்த எண்ணைக் கூப்பிடுவார்கள் இல்லையா, ட்ரங்கிங்கும் அதேதான். இருபது அலைவரிசைகளை நூற்றுக்கணக்கான குழுக்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டாக்குரூப் எண் உண்டு, சொந்தமாக அலைவரிசை எதுவும் கிடையாது. யாராவது பேச பட்டனை அழுத்தினால் அவருடைய ரேடியோ முதலில் சிஸ்டத்திடம் இடம் கேட்கிறது. சிஸ்டம் காலியாக இருக்கும் சேனல் ஒன்றை ஒதுக்கி, ‘இந்த டாக்குரூப் இந்தச் சேனலுக்குப் போகலாம்’ என்று கன்ட்ரோல் சேனலில் அறிவிக்கிறது. அந்தக் குழுவின் ரேடியோக்கள் எல்லாம் ஒரு நொடிக்குள் அங்கே தாவுகின்றன. பேசி முடித்ததும் திரும்பி வந்து கன்ட்ரோல் சேனலையே கேட்டுக்கொண்டிருக்கின்றன. பதில் சொல்பவர் பட்டனை அழுத்தும்போது வேறு சேனல் ஒதுக்கப்படலாம். உங்களுக்குக் கேள்வி மட்டும் கேட்டுப் பதில் கேட்காமல் போனது இதனால்தான். ஸ்கேனரும் அந்த அறிவிப்பைப் படித்தால்தான் பேச்சின் பின்னாலேயே போக முடியும்.

புரோகிராம் செய்ய உட்காருவதற்கு முன் இன்னொன்றைச் சரிபார்த்துவிடுங்கள்: உங்கள் ஸ்கேனருக்கு அந்த வகை ட்ரங்கிங் தெரியுமா? யூனிடன் பிசி125ஏடி மாதிரி விலை குறைந்த கருவிகளில் ட்ரங்கிங்கே கிடையாது, அதில் என்ன செய்தாலும் இந்தத் துண்டு துண்டான பேச்சுதான். பழைய அனலாக் ட்ரங்கிங் ஸ்கேனர்கள் மோட்டோரோலாவின் 3600 பாட் (டேட்டா வேகத்தின் அளவு) கன்ட்ரோல் சேனலைப் படிக்கும், ஆனால் டிஜிட்டல் குரல் அவற்றுக்கு வெறும் சத்தம். பி25 என்ற டிஜிட்டல் வகைச் சிஸ்டத்தில் பேஸ் 1, பேஸ் 2 என்று இரண்டு உண்டு. பேஸ் 1-ல் ஒரு சேனலில் ஒரு பேச்சு. பேஸ் 2-ல் அதே 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை நேரத்தால் இரண்டாகப் பிரித்து இரண்டு பேச்சு ஓட்டுகிறார்கள். இரண்டிலும் கன்ட்ரோல் சேனல் ஒரே மாதிரிதான், அதனால் பேஸ் 1 மட்டும் தெரிந்த ஸ்கேனர் சிஸ்டத்தை அழகாகப் பிடித்து எல்லாம் சரி என்பது போலக் காட்டும், குரல் மட்டும் வராது. இதை ஆன்டெனா கோளாறு என்று நினைத்து ஆன்டெனாவுக்குச் செலவு செய்பவர்கள் நிறைய. யூனிடனின் பிசிடி325பி2, பிசிடி436ஹெச்பி, எஸ்டிஎஸ்100, விஸ்லரின் டிஆர்எக்ஸ்-1 ஆகியவை பேஸ் 2 தெரிந்த கையடக்கக் கருவிகள். உங்கள் பகுதியில் இருப்பது டெட்ரா என்ற வேறு டிஜிட்டல் வகை என்றால் யூனிடன், விஸ்லர் இரண்டு கம்பெனிக் கருவிகளிலும் அது இல்லை, இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

சரி, கருவி பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது: மொத்தச் சிஸ்டத்தையும் டேட்டாபேஸிலிருந்து இறக்கி ஸ்கேனரில் கொட்டாதீர்கள். ரேடியோ சிஸ்டங்களைப் பட்டியலிடும் ரேடியோரெஃபரன்ஸ் போன்ற இணைய டேட்டாபேஸில் ஒரு பெரிய சிஸ்டத்துக்கு நாற்பது ஐம்பது சைட் (ஒரு பகுதிக்குச் சேவை தரும் டவர் நிலையம்), ஆயிரக்கணக்கில் டாக்குரூப் இருக்கும். எல்லாவற்றையும் போட்டால் ஸ்கேனர் கேட்க முடியாத சைட்களைத் தேடியே நேரத்தைக் கழிக்கும், கேட்கவில்லை என்றால் கோளாறு எங்கே என்று உங்களாலும் சொல்ல முடியாது. ஒரு சிஸ்டம், ஒரு சைட், அதன் கன்ட்ரோல் சேனல்கள், டாக்குரூப் பட்டியல் காலி. இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எந்த சைட் என்று முடிவு செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. டேட்டாபேஸ் பக்கத்தில் ஒவ்வொரு சைட்டின் வரியிலும் கன்ட்ரோல் சேனலாகப் பயன்படக்கூடிய அலைவரிசைகளைத் தனி நிறத்தில் காட்டியிருப்பார்கள். உங்களைச் சுற்றியுள்ள சில சைட்களின் அந்த அலைவரிசைகளை மட்டும் சாதாரண எஃப்எம் சேனல்களாகப் போட்டு, எதில் அந்த ‘கர்ர்ர்’ கேட்கிறது என்று ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். சைட் ஒன்றுக்கு மூன்று நான்கு கன்ட்ரோல் அலைவரிசை எழுதியிருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், மற்றவை மாற்று. விடாமல், தடுமாறாமல் எது வருகிறதோ அந்த சைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மிக அருகில் இருக்கும் சைட்தான் நன்றாகக் கேட்கும் என்று இல்லை. நடுவில் கட்டடமோ குன்றோ இருந்தால் 800 மெகாஹெர்ட்ஸ் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது ஏற்றுவது. இன்றைய பெரும்பாலான கருவிகளில் அமைப்பு ஒன்றுதான்: மேலே சிஸ்டம், அதற்குள் சைட், சைட்டுக்குள் அலைவரிசைகள். டாக்குரூப்கள் சைட்டுக்குள் வராது, சிஸ்டத்துக்குக் கீழே தனிக் குழுவாக நிற்கும். பிசிடி325பி2 மாதிரிக் கருவியில் மெனுவில் புரோகிராம் சிஸ்டம், நியூ சிஸ்டம் என்று போய் முதலில் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இங்கே அவசரப்படாதீர்கள், வகை தப்பானால் மீதி எதுவும் ஓடாது. பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதைவிட அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதுதான் எளிது. பிறகு எடிட் சைட், நியூ சைட், அதற்குள் கன்ட்ரோல் அலைவரிசைகள். பி25 என்றால் கன்ட்ரோல் சேனல்கள் மட்டும் போதும், குரல் சேனல்களைப் போடவே வேண்டாம். எந்தச் சேனல் எண் எந்த அலைவரிசை என்ற கணக்கை பி25 கன்ட்ரோல் சேனலே அவ்வப்போது ஒலிபரப்பிவிடுகிறது, ஸ்கேனர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

பழைய வகைகளில் இந்த வசதி இல்லை. மோட்டோரோலா 3600 பாட் சிஸ்டம் சேனல் எண்ணை மட்டும்தான் சொல்லும், அதை அலைவரிசையாக மாற்றும் அட்டவணை ஸ்கேனருக்குள் இருக்க வேண்டும். 800 மெகாஹெர்ட்ஸில் அந்த அட்டவணை தயாராக வருகிறது, விஹெச்எஃப், யுஹெச்எஃப் என்ற கீழ்ப் பட்டைகள் என்றால் அடிப்படை அலைவரிசை, இடைவெளி, ஆஃப்செட் மூன்றையும் நீங்களே தர வேண்டும். அமெரிக்காவில் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 2004-ல் எடுத்த முடிவின்படி 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையை மாற்றி அமைத்தார்கள், பொதுப் பாதுகாப்புக்கான 866 முதல் 869 வரையிலான பகுதி 15 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கி 851 முதல் 854 ஆனது. அதற்கு முந்தைய ஸ்கேனர் அப்டேட் ஆகாமல் இருந்தால், அறிவிப்பைச் சரியாகப் படித்துவிட்டுப் பழைய அட்டவணைப்படி ஆளில்லாத அலைவரிசைக்குத் தாவும். திரையில் டாக்குரூப் தெரியும், காதில் வெறும் அமைதி. ஈடாக்ஸ், எல்டிஆர் என்ற பழைய வகைகள் இரண்டிலும் எல்லா அலைவரிசையும் வேண்டும், அதுவும் அவற்றின் எல்சிஎன் (சிஸ்டம் ஒவ்வொரு அலைவரிசைக்கும் தரும் சேனல் எண்) வரிசைப்படியே போட வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறினால் சில பேச்சு சரியாகவும் சில பேச்சு தப்பாகவும் வந்து தலைவலி கொடுக்கும். டிஎம்ஆர் என்ற இன்னொரு டிஜிட்டல் வகை ட்ரங்கிங்கிலும் யூனிடன் கருவிகள் எல்சிஎன் கேட்கும், விஸ்லர் கேட்காது. டிஎம்ஆரில் கெபாசிட்டி பிளஸ் என்ற வகையில் நிலையான கன்ட்ரோல் சேனலே கிடையாது, ஓய்வுச் சேனல் ஒன்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே எல்லா அலைவரிசையும் இருந்தாக வேண்டும்.

சைட் ஏறியதும் ஐடி ஸ்கேன், ஐடி சர்ச் என்று ஒரு தேர்வு இருக்கும். ஸ்கேன் என்றால் நீங்கள் எழுதிய டாக்குரூப்களில் மட்டும் நிற்கும். சர்ச் என்றால் எந்த டாக்குரூப் பேசினாலும் நிற்கும். விஸ்லரில் இதையே வைல்ட்கார்டு என்பார்கள். இப்போதைக்கு சர்ச். பட்டியல் காலி, ஸ்கேனர் அந்த ஒரே சைட்டில் உட்கார்ந்திருக்கிறது, எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடுகின்றன, பேச்சும் பதிலும் ஒட்டி வருகின்றன என்றால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. மாலை நேரம் போலப் பரபரப்பான வேளையில் ஒரு மணி நேரம் ஓட விட்டு, எந்த எண்கள் வருகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களுக்கு டேட்டாபேஸில் பெயர் தேடி, வேண்டியதை மட்டும் ஏற்றி, அப்புறம் ஸ்கேன் பயன்முறைக்கு மாறலாம். நான் என்றால் சர்ச்சிலேயே விட்டு, வேண்டாத எண்களை மட்டும் ஒதுக்கிக்கொண்டே போவேன், புதிய டாக்குரூப் ஏதாவது முளைத்தால் அப்படித்தான் தெரியவரும்.

எண்ணை எழுதும்போது டெசிமலா (வழக்கமான பத்தடிமான எண்) ஹெக்ஸா (பதினாறடிமான எண்) என்று பாருங்கள், டேட்டாபேஸில் இரண்டு பத்தியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மோட்டோரோலா டைப் 2 சிஸ்டத்தில் டாக்குரூப் எண்கள் எல்லாம் 16-ஆல் வகுபடும். திடீரென்று ஒன்றிரண்டு கூடுதலான எண் தெரிந்தால் அது புதுக் குழு அல்ல, அவசர அழைப்பு, பேட்ச் (குழுக்களைத் தற்காலிகமாக இணைப்பது) போன்ற நிலையைக் கடைசி நான்கு பிட்களில் சொல்கிறது, அவ்வளவுதான்.

இனி, பெரும்பாலோர் தவறவிடும் விஷயம். ஒரு டாக்குரூப் டேட்டாபேஸில் இருக்கிறது என்பதற்காக அது உங்கள் சைட்டில் வரும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு ரேடியோவும் ஒரு சைட்டுக்குள் வந்ததும் ‘நான் இங்கே இருக்கிறேன், இந்த டாக்குரூப்பில் இருக்கிறேன்’ என்று சிஸ்டத்திடம் பதிவு செய்கிறது. அந்த டாக்குரூப்பில் ஒரு ரேடியோவாவது பதிவான சைட்டுக்குத்தான் சிஸ்டம் பேச்சை அனுப்பும், யாரும் இல்லாத இடத்தில் சேனலை வீணாக்காது. உங்கள் ஸ்கேனர் எதையும் அனுப்புவதில்லை, அதனால் அது அங்கே இருப்பது சிஸ்டத்துக்குத் தெரியவே தெரியாது. பக்கத்து ஊர்க்காரர்களின் டாக்குரூப் நேற்று கேட்டது, இன்று காணோம் என்றால் நேற்று அவர்களில் ஒருவர் உங்கள் பக்கம் வந்திருந்தார், இன்று இல்லை. கருவியில் எதையும் மாற்ற வேண்டாம். அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும் என்றால் அவர்களுடைய சைட்டின் கன்ட்ரோல் சேனல் உங்களுக்கு எட்ட வேண்டும், வேறு வழி இல்லை.

ஏற்றியது எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றுமே கேட்கவில்லையா? பிசிடி325பி2 வகைகளில் குவிக் கீ (ஆன், ஆஃப் செய்யும் எண்) கொடுத்துவிட்டு அந்த எண்ணை ஆன் செய்யாமல் விட்டிருப்பீர்கள். சைட்டுக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று என்று இரண்டு அடுக்கு இருக்கிறது, இரண்டும் ஆன் ஆக வேண்டும். 436ஹெச்பி, எஸ்டிஎஸ்100 என்றால் முதல் சந்தேகம் சர்வீஸ் டைப் (போலீஸ், தீயணைப்பு போன்ற துறை வகை). ஒரு டாக்குரூப்புக்கு எந்த வகை எழுதியிருக்கிறதோ அந்த வகை அமைப்பில் அணைந்திருந்தால் ஸ்கேனர் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும், எந்தச் செய்தியும் காட்டாது. இருப்பிடம் கொடுத்து முழு டேட்டாபேஸை ஓட்டுபவர்கள் தூர வரம்பை ஐம்பது மைல் என்று வைத்துவிட்டு மெதுவாக இருக்கிறது என்பார்கள், அதைப் பத்துக்குக் குறைத்துப் பாருங்கள்.

அடுத்தது சைமல்காஸ்ட். பெரிய நகரச் சிஸ்டங்களில் எல்லோரையும் படுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டேட்டாபேஸில் ஒரே சைட் என்று எழுதியிருக்கும், நிஜத்தில் பத்து டவர் ஒரே அலைவரிசையில் ஒரே டேட்டாவை ஒரே சமயத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும். டவர்கள் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் சிக்னல்கள் உங்களிடம் சிறிய கால வித்தியாசத்தில் வந்து ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. அந்தச் சிஸ்டத்துக்காகச் செய்த ரேடியோக்கள் அதைச் சமாளிக்கும். சாதாரண ஸ்கேனர் பழைய எஃப்எம் பாணியில் சிக்னலைப் பிரிப்பதால் பிட்கள் கலங்கிப்போகின்றன. அடையாளம் சுலபம்: சிக்னல் கட்டம் முழுசாக இருக்கும், குரல் ரோபோ போல உடைந்து உடைந்து வரும், அல்லது பேச்சின் நடுவில் அறுந்துபோகும். ஸ்கேனரை ஓர் அடி நகர்த்தினால் தெளிவாகும், திரும்ப வைத்தால் கெடும். சிக்னல் பலவீனமாக இருந்தால் கட்டமும் குறைவாகவே இருக்கும், அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எஸ்டிஎஸ்100-ல் டி-எரர் (டிஜிட்டல் பிழை) எண்ணைத் திரையில் வைத்துக்கொள்ளலாம், சிக்னல் பலமாக இருந்தும் அந்த எண் பூஜ்யத்தை ஒட்டாமல் ஏறி இறங்கினால் சைமல்காஸ்ட் என்றே கொள்ளுங்கள்.

இங்கே பெரிய ஆன்டெனா போடுவது நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் இன்னும் நாலு டவர் கூடுதலாகக் கேட்கும். நமக்கு வேண்டியது ஒரே டவர் மட்டும் ஓங்கி, மற்றவை அமுங்குவது. அதனால் ஆன்டெனாவைக் குறையுங்கள், சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரைப் போட்டுப் பாருங்கள், ஸ்கேனரை இடுப்பில் மாட்டி நீங்களே ஒரு பக்கத்தை மறைத்து நின்று பாருங்கள். வீட்டுக்குள் ஒரு ஜன்னலோரம் சரியாக வரும், மறு ஜன்னலில் வராது. ஒரே இடத்தில் வைத்துக் கேட்பவராக இருந்தால் ஒரு டவரை நோக்கிய யாகி ஆன்டெனா நன்றாகவே வேலை செய்யும், கையில் எடுத்துக்கொண்டு நடப்பவருக்கு அது ஆகாது. இவையெல்லாம் சமாளிப்பு வேலை. முழுத் தீர்வு வேண்டும் என்றால் 2018-ல் வந்த எஸ்டிஎஸ்100 போல, பழைய எஃப்எம் பாணிக்குப் பதிலாக ஐ-கியூ என்ற முறையில் சிக்னலை எடுக்கும் கருவிதான். அதிலும் ஃபில்டர் அமைப்பில் நார்மல், இன்வெர்ட், வைட் என்று மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், ஒரு இடத்தில் ஓடியது இன்னொரு இடத்தில் ஓடாது. கணினி பக்கத்தில் இருந்தால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறிய ரேடியோ ரிசீவர்) வாங்கி எஸ்டிஆர்ட்ரங்க் அல்லது ஓபி25 மென்பொருளை ஓட்டுவது ஸ்கேனர் விலையில் மிகச் சிறிய பங்குக்கு இதே வேலையைச் செய்துவிடும், கையில் எடுத்துப் போக முடியாது என்பதுதான் குறை.

சைமல்காஸ்ட் இல்லாத இடத்தில் ஆன்டெனா மாற்றுவது பயன் தரும். கூட வரும் ரப்பர் ஆன்டெனா எல்லாப் பட்டைக்கும் பொதுவானது, எதிலும் பிரமாதமில்லை. 850 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் சுமார் 8.8 சென்டிமீட்டர்தான், அதனால் 800-க்கென்றே செய்த குட்டையான ஆன்டெனா நீளமானதைவிட நன்றாகக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

தினசரிப் பயன்பாட்டில் இரண்டு அமைப்பு முக்கியம். டிலே என்பது ஒருவர் பேசி முடித்ததும் பதிலுக்காக அந்த டாக்குரூப்பில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது, இரண்டு மூன்று நொடி போதும், பூஜ்யம் வைத்தால் மறுபடியும் பதில் தவறும். சைட் ஹோல்டு நேரம் என்பது அடுத்த சைட்டுக்குப் போகும் முன் இங்கே எவ்வளவு நேரம் உட்காருவது என்பது. பல சிஸ்டம் வைத்திருப்பவர்கள் இதை மிகக் குறைவாக வைத்துவிட்டுப் பாதிப் பேச்சை இழக்கிறார்கள். சுவாரஸ்யமாக ஏதாவது நடந்தால் ஹோல்டு அழுத்தி அந்த டாக்குரூப்பில் நின்றுவிடுங்கள், அலைவரிசை எங்கே மாறினாலும் ஸ்கேனர் கூடவே போகும்.

என்கிரிப்ஷன் போட்ட (ரகசியக் குறியீட்டால் பூட்டிய) டாக்குரூப்பை எந்த ஸ்கேனராலும் கேட்க முடியாது, எந்த அப்டேட்டும் அதைத் திறக்காது, ‘திறந்து தருகிறேன்’ என்று விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். டேட்டாபேஸில் மோட் பத்தியிலேயே அது குறித்திருக்கும், அவற்றை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் ஸ்கேனருக்கும் நேரம் மிச்சம். கேட்பது சட்டப்படி சரியா என்பது நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டும். சில இடங்களில் வைத்திருக்கலாம், உங்களுக்கென்று அனுப்பப்படாததைக் கேட்கக் கூடாது. சில இடங்களில் வீட்டில் கேட்கலாம், வண்டியில் வைக்கக் கூடாது. உங்கள் ஊர்ச் சட்டத்தை வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்றால் இன்றே பாருங்கள்.

கையால் ஒரு சைட் ஏற்றிக் கேட்டுப் பழகியபின் மீதியைக் கணினி வழியாகச் செய்யுங்கள். 436ஹெச்பி, எஸ்டிஎஸ்100-க்கு யூனிடனின் சென்டினல் மென்பொருள் இலவசம், 325பி2-க்கு ஃப்ரீஸ்கேன். பெரிய மாற்றம் செய்யும் முன் இப்போது ஓடும் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தபின் அமைதியாகவே இருந்தால் திரும்ப எழுதுங்கள், ஆனால் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். மாடல் என்ன, சிஸ்டம் வகை என்ன, எந்த சைட், எஃப்எம்மில் கன்ட்ரோல் சேனல் கேட்கிறதா, சர்ச்சில் விட்டால் திரையில் டாக்குரூப் எண் வருகிறதா, எண் வந்து குரல் வரவில்லையா அல்லது எண்ணே வரவில்லையா. கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.